ஏரிக்குள் மீன் புகலிடம்: எவ்வளவு எடை, எந்தக் கயிறு, சேற்றில் புதையாமல் நிறுத்துவது எப்படி?

நீர்க்காகம்

வணக்கம் நண்பர்களே. ஏரி சுமார் 3 ஹெக்டேர். நிரம்பி நிற்கும்போது ஆழமான இடத்தில் 5 மீட்டர் தண்ணீர், வறண்ட காலத்தில் 2 மீட்டர் இறங்கிவிடும். அடியில் களிமண், அதன்மேல் 20 முதல் 30 செ.மீ. வரை இளகிய சேறு. நீர்த்தாவரமோ பாறையோ பட்டுப்போன மரமோ எதுவும் இல்லாத மொட்டைத் தரை. விரால், கெளுத்தி, கெண்டை வகைகள் இருக்கின்றன. குஞ்சுகளுக்கு ஒதுங்க இடமே இல்லை. அமைப்புகள் வைக்க எழுத்துபூர்வ அனுமதி கையில் இருக்கிறது, அதனால் அந்தப் பேச்சு வேண்டாம்.

போட நினைப்பது இரண்டு வகை. ஒன்று, 1.5 மீட்டர் நீள மூங்கில் கழிகள் பத்தைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கிக் கட்டிய கூடு. இன்னொன்று, 20 லிட்டர் பக்கெட்டில் கான்கிரீட் ஊற்றி, நடுவே பிவிசி பைப் நட்டு, அதில் சிறு பைப்புகளைக் கிளைகளாகச் செருகிய ‘மரம்’, உயரம் 1.5 மீட்டர்.

கேள்விகள்: மூங்கில் கூட்டுக்கு எவ்வளவு எடை கட்ட வேண்டும்? பக்கெட் சேற்றில் புதையுமா? எந்தக் கயிறு? எந்த ஆழம்? கையில் இருப்பது மூன்று பேர் உட்காரும் தட்டையடிப் படகு மட்டும்.

எடைக்கல்

எடையிலிருந்து தொடங்குவோம். கரையில் தூக்கிப் பார்த்த கனத்தை நம்பி இறக்கும் அமைப்புதான் இரண்டாம் நாள் எதிர்க்கரையில் மிதக்கும்.

கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2400 கிலோ. அதே அளவு தண்ணீர் 1000 கிலோ. எனவே 10 கிலோ கான்கிரீட் கட்டி தண்ணீருக்குள் 5.8 கிலோவாகத்தான் இழுக்கும். கருங்கல் கொஞ்சம் பரவாயில்லை, 10 கிலோவுக்கு 6.2 கிலோ நிற்கும். மணல் மூட்டை கட்டினால் காய்ந்த மணலை நிறுத்துக் கட்டுங்கள். ஈரமணலில் இருக்கும் தண்ணீரும் தராசில் ஏறும், ஆனால் ஏரிக்குள் அந்தத் தண்ணீருக்குக் கனம் கிடையாது.

அடுத்து மூங்கில். 8 செ.மீ. தடிமன், 1.5 மீட்டர் நீளம் என்றால் ஒரு கழியின் பருமன் சுமார் 7.5 லிட்டர். காய்ந்த கழி 3 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதை அமுக்கிவைக்க 4.5 கிலோ வேண்டும். பத்துக் கழிக்கு 45 கிலோ. இதை நீருக்குள் கிடைக்கும் எடையாகப் பார்க்க வேண்டும், அதாவது கரையில் 78 கிலோ கான்கிரீட். அதுவும் வெறுமனே சரிக்கட்ட மட்டும்தான். நிலையாக நிற்க அதற்கும் மேல் வேண்டும்.

இவ்வளவும் கணுக்களுக்கு இடையில் அடைபட்ட காற்றின் வேலை. அதை வெளியேற்றிவிட்டால் மிஞ்சுவது மூங்கில் சதையின் மிதப்பு மட்டும், கழிக்கு ஒன்றேகால் கிலோ அளவில். பத்துக்கும் சேர்த்து 13 கிலோ. ஒரு டிரில் மெஷினும் ஒரு மணி நேரமும் 50 கிலோவுக்கு மேல் கான்கிரீட்டை மிச்சப்படுத்தும்.

துளை போடும் இடம் முக்கியம். ஒவ்வொரு கணுவிடைக்கும் 8 அல்லது 10 மி.மீ. துளை இரண்டு வேண்டும், ஒன்று காற்று போக, ஒன்று தண்ணீர் வர. கழி கூட்டில் படுக்கையாக இருக்கப்போகிறது என்றால் மேல்பக்கம் ஒன்று, நேர் கீழே ஒன்று. செங்குத்தாக நிற்கப்போகிறது என்றால் மேல் கணுவை ஒட்டி ஒரு துளை, கீழ்க் கணுவை ஒட்டி ஒரு துளை. செங்குத்துக் கழியில் நடுவில் துளைத்தால் மேல்பாதிக் காற்று அப்படியே மாட்டிக்கொள்ளும். ஆகவே எந்தக் கழி எப்படி நிற்கும் என்று முடிவு செய்த பிறகே துளையிடுங்கள்.

கணக்கு பிடிக்காதவர்களுக்கு ஒரு நேர்வழி: கட்டி முடித்த கூட்டை இடுப்பளவு தண்ணீரில் மிதக்கவிடுங்கள். கற்களைச் சாக்கில் போட்டு, சாக்கு தண்ணீருக்குள் முழுக்க மூழ்கித் தொங்கும்படி கூட்டின் அடியில் கட்டுங்கள். கூடு மெல்ல அமிழத் தொடங்கும்வரை கல் சேருங்கள். அந்தக் கல்லைப் போல இரண்டு மடங்கு கட்டினால் போதும். கல் தண்ணீருக்குள்ளேயே தொங்குவதால் நீரெடைத் திருத்தம் தானாகவே அதில் வந்துவிடுகிறது. காய்ந்த மரக்கிளைக் கட்டுக்கும் இதே சோதனைதான். சில மாதங்களில் மரம் நீர் குடித்துக் கனத்துவிடும். நங்கூரத்தின் உண்மையான வேலை அதுவரைக்கும்தான்.

நீரோட்டம் இருந்தால் மிதப்போடு இழுவிசையும் சேரும். நீரோட்டத்துக்கு எதிரே ஒரு சதுர மீட்டர் மறைப்பு இருந்து, தண்ணீர் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடினால் சுமார் 15 கிலோ அளவுக்குத் தள்ளும். வேகம் ஒரு மீட்டரானால் அது நான்கு மடங்கு, 60 கிலோ. சேற்றுத் தரையில் உராய்வு பாதிதான் கிடைக்கும் என்று வைத்தால், 15 கிலோ தள்ளலுக்கு நீருக்குள் 30 கிலோ, கரையில் 52 கிலோ. அதனால்தான் மதகு, கலங்கல் (மிகைநீர் வழியும் இடம்), வரத்துக் கால்வாய் வாய் ஆகிய இடங்களைத் தவிர்ப்பது. அங்கே எடை கூட்டிச் சமாளிப்பது வீண் வேலை.

பிவிசி தானே மூழ்கும், அடர்த்தி 1.4 (தண்ணீருக்கு 1). ஆனால் இரு முனையும் அடைத்த 110 மி.மீ. பைப் ஒரு மீட்டர் இருந்தால் எட்டரை கிலோ மிதப்பு. மூடி போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் மூடிக்குக் கீழே உடனே நான்கு துளை. நெளி பைப் எச்டிபிஇ (கெட்டி பாலித்தீன்) என்றால் அடர்த்தி 0.95, காற்று இல்லாமலே மிதக்கும் சாதி. அந்த நெளிவுகளுக்குள் காற்றுக் குமிழ் வேறு தங்கும். 30 செ.மீ.க்கு ஒரு கீறல் போடுங்கள்.

வண்டல்மண்

எடைக்கல் சொன்னது சரி, ஆனால் எடையை மட்டும் பார்த்து பக்கெட்டை நிரப்பினால் இந்த ஏரியில் அது நேராகக் களிமண் வரை இறங்கி நிற்கும்.

20 லிட்டர் பக்கெட் நிறைய கான்கிரீட் 48 கிலோ, நீருக்குள் 28 கிலோ. பக்கெட் அடி 26 செ.மீ. விட்டம், பரப்பு 0.053 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 530 கிலோ கணக்கில் சேற்றை அழுத்துகிறது. அதே கான்கிரீட்டை 60 செ.மீ. சதுரப் பலகையாக, 5 செ.மீ. கனத்தில் ஊற்றி, நடுவில் பைப் நட 20 செ.மீ. விட்டத்தில் 10 செ.மீ. உயரக் கழுத்து வைத்தால் மொத்தம் 21 லிட்டர், 50 கிலோ, நீருக்குள் 29 கிலோ. அழுத்தம் சதுர மீட்டருக்கு 80 கிலோ. கனம் ஏறக்குறைய அதே, அழுத்தம் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே. பக்கெட்டை அச்சாகக்கூட வைத்துக்கொள்ள வேண்டாம், விட்டுவிடுங்கள்.

உங்கள் சேறு 80 கிலோவைத் தாங்குமா என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது, சோதித்துவிடலாம். ஒரு கழியின் அடியில் 20 செ.மீ. சதுரத் தகடு பொருத்துங்கள். பலகையின் அழுத்தத்துக்குச் சமமாக அதன்மேல் 3.2 கிலோ போதும். ஆனால் இரு மடங்காக, 6.5 கிலோ வைத்துப் பாருங்கள். கழி, தகட்டின் எடையும் சேர்த்து, நீருக்குள் உள்ள கணக்கில். ஐந்து நிமிடத்தில் 5 செ.மீ.க்குள் நின்றால் அந்த இடம் நல்ல இடம். 15 செ.மீ. போனால் இடத்தை மாற்றுங்கள், அல்லது பலகையை 75 செ.மீ. ஆக்குங்கள். ஏரி முழுக்க சேறு ஒரே மாதிரி இருக்காது. பத்தடி தள்ளினாலே கெட்டித்தரை கிடைக்கலாம்.

ஒரு பலகைக்குக் கலவை 1:2:3. சிமென்ட் 5.4 லிட்டர் (7.8 கிலோ), மணல் 10.8 லிட்டர், 12 மி.மீ. ஜல்லி 16.2 லிட்டர், தண்ணீர் 4 லிட்டர். 50 கிலோ மூட்டை ஒன்றில் ஆறு பலகை வரும். 20 மி.மீ. ஜல்லி இந்தக் கனத்துக்கு ஆகாது. நடுவில் 8 மி.மீ. கம்பியை 15 செ.மீ. இடைவெளியில் வலையாகப் போடாவிட்டால் படகில் ஏற்றும்போதே குறுக்கே விரியும்.

நடு பைப் விஷயத்தில் பலர் கோட்டைவிடுவார்கள். பிவிசி வழவழப்பானது, கான்கிரீட் அதைப் பிடிக்காது. பைப்பின் அடியிலிருந்து 3 செ.மீ. விட்டு ஒரு துளை, 8 செ.மீ. விட்டு அதற்குச் செங்குத்தாக இன்னொன்று, இரண்டிலும் 10 மி.மீ. கம்பித் துண்டை 16 செ.மீ. நீளத்தில் குறுக்கே செருகி, அதன் மேல் கான்கிரீட் ஊற்றுங்கள். பைப்புக்கு உள்ளேயும் கழுத்து மட்டம் வரை நிரப்புங்கள். கழுத்துக்கு மேலே பைப்பில் ஒரு துளை இருக்கட்டும், தண்ணீர் உள்ளே வர.

பலகையில் 5 செ.மீ. விட்டத்தில் நான்கு ஓட்டைகளும் விடுங்கள். ஊற்றும்போது பைப் துண்டை நிறுத்தி, இறுகும் சமயத்தில் திருகி எடுத்தால் போதும். ஓட்டை இல்லாத பலகை இறங்கும்போது காய்ந்த இலை போலப் பக்கவாட்டில் சறுக்கி, நீங்கள் குறித்த இடத்தைவிட்டு எங்கோ உட்காரும். ஓட்டை இருந்தால், பின்னால் எடுக்க நேர்ந்தாலும் சேறு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளாது.

ஊற்றிய பின் 28 நாள் ஈரமாக வைத்து ஆற்றுங்கள். புதுக் கான்கிரீட்டிலிருந்து சுண்ணாம்பு கசியும், அதைத் தொடும் நீரின் பிஎச் (அமில-கார அளவு) 12 வரை ஏறும். 3 ஹெக்டேர் ஏரி அதைக் கரைத்துவிடும், ஆனால் சின்னக் குளத்தில் ஒரே நாளில் பத்து பலகை இறக்குவது மீனுக்கு நல்லதல்ல.

கயிறு: சணல் வேண்டாம், மக்கும். தேங்காய் நார்க்கயிறு அதைவிடத் தாக்குப்பிடிக்கும், ஆனால் அதுவும் மக்கும். கூடு நீர் குடித்துக் கனக்கும்வரை பிடித்தால் போதும் என்றால் நார்க்கயிறே சரி, பின்னால் எதுவும் மிஞ்சாது. நிரந்தரத்துக்கு 8 மி.மீ. பாலியெஸ்டர். நைலான் நனைந்தால் நீளும், பலமும் கொஞ்சம் குறையும். பாலிபுரோப்பிலீன் மிதக்கும், அவிழ்ந்த முனை மேலே வந்து மோட்டார் விசிறியில் சுற்றிக்கொள்ளும். கட்டிட வேலைக்கு வரும் கட்டுக்கம்பி சீக்கிரமே துருவாகும். கம்பிதான் வேண்டும் என்றால் 3 மி.மீ. ஜிஐ (துத்தநாகம் பூசியது).

கயிறு அறுவது பெரும்பாலும் மக்கியதால் அல்ல, கான்கிரீட் விளிம்பில் தேய்ந்து. கயிறு உரசும் ஒவ்வொரு இடத்திலும் 15 செ.மீ. ரப்பர் குழாய் மாட்டி விடுங்கள். பச்சை மூங்கிலில் கட்டு போடாதீர்கள். அது காய்ந்து சுருங்கியதும் கட்டு தொளதொளக்கும். காய்ந்த கழியில் இறுக்கிக் கட்டினால் தண்ணீரில் உப்பி இன்னும் இறுகும். ஒவ்வொரு சந்திப்பிலும் 4 மி.மீ. கயிறு, மூன்று சுற்று, பிறகு இரண்டு கழிகளுக்கும் இடையே புகுத்தி இரண்டு சுற்று. அந்த இடைச்சுற்றுதான் கட்டை இறுக்குவது. நேரம் போகிறதென்று அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

தக்கை

தூண்டில் போடுற ஆளா ஒண்ணு சொல்றேங்க. பக்கத்துல தூண்டில் விழப்போவுதுன்னா கிளை நுனி மெலிசா இருக்கக் கூடாது. விரல் தடிமனுக்குக் கீழே இருக்கிற சுள்ளியிலதான் முள்ளு குத்தி மாட்டும். 25 மி.மீ. பைப்புல முள்ளு வழுக்கிட்டு வந்துரும். ஆனா பைப் முனையை வாயைத் திறந்து விட்டா தூண்டில் நரம்பு உள்ள போய் சிக்கும். அதுக்காக மூடி போட்டுராதீங்க, காத்து நிக்கும். முனையைச் சாய்வா வெட்டி, அரம் போட்டு மழுக்கி விடுங்க.

கிளையை மேல்நோக்கி சாச்சு வைங்க. கீழ்நோக்கி சாஞ்ச கிளைக்கும் நடு பைப்புக்கும் நடுவுல இருக்கிற கவட்டையில ஈயக்குண்டு போய் உக்காந்துக்கும், எந்தப் பக்கம் இழுத்தாலும் வராது. அறுந்த நரம்பு சேரச் சேர அது மீனுக்குப் புகலிடமில்ல, கண்ணி.

பழைய வலையை மேல சுத்துறது வேண்டவே வேண்டாம். நிழல் கிடைக்கும்னு சிலர் பண்றாங்க. செவுள் மாட்டிச் செத்துக் கிடக்கும் மீனு.

பாசிப்படுகை

ஆழத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. என் கருத்தில் இந்த ஏரிக்கு அதுதான் முதல் கேள்வி.

20 செ.மீ. விட்டத் தகட்டை நான்கு பாகமாக்கி, கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசி, கயிற்றில் இறக்குங்கள். கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழம் வரைதான் பாசி வளரப் போதுமான வெளிச்சம் போகும். தகடு 40 செ.மீ.யில் மறைந்தால், ஒரு மீட்டருக்குக் கீழே வைக்கும் எதுவும் பாசி பிடிக்காது. அங்கே அது வெறும் மறைவிடம், உணவு தராது. பாசியும் அதில் ஒட்டும் புழுக்களும் பூச்சிகளும்தான் குஞ்சுகளுக்குச் சாப்பாடு.

இன்னொரு எல்லை கீழேயிருந்து வருகிறது. காற்றில்லாத வெயில் நாட்களில் மேல்நீர் சூடாகி, கீழ்நீரோடு கலக்காமல் தனித்து நிற்கும். கீழே ஆக்சிஜன் தீர்ந்துபோகும். வெப்பமானியைக் கயிற்றில் கட்டி அரை மீட்டருக்கு ஒரு அளவு எடுங்கள். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஒரு டிகிரி செல்சியஸுக்கு மேல் குறைந்தால் அடுக்கு அங்கே தொடங்குகிறது. ஆக்சிஜன் அளக்க முடிந்தால் லிட்டருக்கு 5 மி.கி. நல்லது, 3-க்குக் கீழே கெண்டை நிற்காது. விரால் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஏரி 2 மீட்டர் இறங்கும் என்பது மூன்றாவது எல்லை. நிரம்பியிருக்கும்போது 4 மீட்டர் உள்ள இடத்தில் 1.5 மீட்டர் மரம் வைத்தால், வறட்சியில் அதன் தலைக்கு மேல் அரை மீட்டர்தான் தண்ணீர். படகுக்கும் ஆபத்து, குதிப்பவர்களுக்கும் ஆபத்து. மரத்தை 1.2 மீட்டராகக் குறைத்து, 4.5 மீட்டர் இடத்தில் வைத்தால் வறட்சியிலும் தலைக்கு மேல் 1.3 மீட்டர் மிஞ்சும்.

இப்போது முரண் தெரியும்: பாசி வேண்டுமென்றால் மேலே, பாதுகாப்பு வேண்டுமென்றால் கீழே. ஒரே அமைப்பால் இரண்டும் நடக்காது. ஆகவே பிரியுங்கள். பிவிசி மரங்கள் ஆழத்தில், பெரிய மீனுக்கும் வறட்சிக்கால அடைக்கலத்துக்கும். மூங்கிலும் கிளைகளும் கரையோரம், நிரம்பும்போது ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் தண்ணீர் நிற்கும் சரிவில், குஞ்சுகளுக்கு. வற்றும்போது கரையோரக் கூடு வெளியே தெரியும், அது குறையல்ல, அப்போது நடந்தே போய்ப் பழுதுபார்க்கலாம். நனைந்து காய்ந்து நனைவதால் மூங்கில் சீக்கிரம் உளுக்கும், ஓரிரு ஆண்டில் மாற்ற வேண்டியிருக்கும் என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். எப்போதும் மூழ்கியே இருக்கும் மரம் அதைவிடப் பல மடங்கு நிற்கும்.

கரையோரத்துக்கு எடையே தேவையில்லை என்பது இன்னொரு லாபம். பெனின் நாட்டுக் காயல்களில் ‘அகாஜா’ என்ற பெயரிலும், இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் கிளைகளைச் சேற்றில் நட்டு மீன் சேர்க்கும் முறை பழையது. நங்கூரம் கிடையாது, ஊன்றிய கழிகள்தான் பிடி. உங்கள் களிமண்ணில் சேறு போக 40, 50 செ.மீ. ஆழம் கழியை அடித்து இறக்கி, கூட்டை அவற்றோடு கட்டினால் போதும்.

இடைவெளி: குஞ்சுக்கு 3 முதல் 5 செ.மீ., பதுங்கி வேட்டையாடும் விராலுக்கு 20 முதல் 30 செ.மீ. ஒரு கூட்டின் நடுப்பகுதி நெருக்கமாகவும் வெளிப்பக்கம் தளர்வாகவும் இருந்தால் இரண்டும் கிடைக்கும். முழுக்க அடர்த்தியாக அடைத்துவிட்டால் பெரிய மீனால் உள்ளே பிடிக்கவே முடியாது, சிறு மீன் பெருகி இரை போதாமல் எல்லாம் குட்டையாகவே நிற்கும்.

இலையோடு பச்சைக் கிளையைக் குவிக்காதீர்கள். இலை அழுகும்போது ஆக்சிஜனை உறிஞ்சும், சின்ன நீர்நிலையில் காலையில் மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே நிற்கும். இலை உதிர்ந்த கிளை, கடினமரம். பூச்சு அடித்ததும், தாமிரம்–குரோமியம்–ஆர்சனிக் மருந்து ஏற்றியதுமான மரப்பலகை கூடவே கூடாது.

டயர் பற்றி யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். ஃபுளோரிடாவில் ஃபோர்ட் லாடர்டேல் கரைக்கு அப்பால் 1970-களில் சுமார் 20 லட்சம் டயர்களைக் கட்டுக்கட்டாகக் கடலில் இறக்கினார்கள். நைலான் பட்டையும் எஃகுக் கிளிப்பும் விட்டுப்போக, டயர்கள் உருண்டு அருகிலிருந்த உண்மையான பவளத்தையே உடைத்தன. அது போக, டயரில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் சிதைந்து உண்டாகும் 6பிபிடி-குயினோன் கோஹோ சால்மன் மீனைக் கொல்வது 2020-இல் வெளியானது. ஒரு டயர்கூட வேண்டாம்.

கடைசியாக, இதெல்லாம் மீனை உற்பத்தி செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆழத்து மரம் பெரும்பாலும் இருக்கும் மீனை ஓரிடத்தில் சேர்க்கும். அங்கேயே எல்லோரும் தூண்டில் போட்டால் ஏரி இன்னும் சீக்கிரம் காலியாகும். எண்ணிக்கையைக் கூட்டும் வாய்ப்பு கரையோரக் குஞ்சுக் கூட்டுக்குத்தான் அதிகம். உழைப்பில் பெரும்பங்கை அங்கே போடுங்கள்.

நீர்க்காகம்

நன்றி. திட்டத்தை மாற்றிவிட்டேன்: கரையோரம் ஊன்றுகழியில் கட்டிய மூங்கில் கூடு 12, ஆழத்தில் 60 செ.மீ. பலகை மீது 1.2 மீட்டர் பிவிசி மரம் 6.

மீதிச் சந்தேகம் இரண்டு. 50 கிலோ பலகையும் அதன்மேல் கிளை விரிந்த மரமும் சின்னப் படகில் எப்படி ஏற்றி இறக்குவது? மரத்துக்குக் கிளை அளவு என்ன?

எடைக்கல்

கிளை: நடு பைப் 75 மி.மீ., கிளைகளுக்கு வெளிவிட்டம் 25 மி.மீ. பைப், 90 செ.மீ. துண்டுகள். கழுத்துக்கு மேல் 20 செ.மீ. விட்டுத் தொடங்கி 10 செ.மீ.க்கு ஒன்று, ஒவ்வொன்றையும் முந்தையதிலிருந்து 60 டிகிரி திருப்பி, நடு பைப்பை ஊடுருவிப் போகும்படி செருகுங்கள். 1.2 மீட்டரில் எட்டு துண்டு, பதினாறு கை. தக்கை சொன்ன மேல்சாய்வு ஒரே துண்டை ஊடுருவ விட்டால் ஒரு பக்கம்தான் கிடைக்கும், மறுபக்கம் கீழே சாயும். தூண்டில் தொல்லை உள்ள இடமென்றால் 45 செ.மீ. துண்டுகளாகத் தனித்தனியே செருகி, உள்முனையில் 5 மி.மீ. ஸ்டெயின்லெஸ் திருகு போடுங்கள். துளையைச் சரியான அளவில் ஹோல் சாவால் போட்டு, பசையோடு திருகும் சேர்த்து முடியுங்கள். பசை மட்டும் இருந்தால் முதல் முறை படகு இடிக்கும்போது கழன்றுவிடும். பைப்பை முரட்டு உப்புத்தாளால் தேய்த்து விடுங்கள், பாசி சீக்கிரம் பிடிக்கும். துருவலைக் கரையிலேயே பெருக்கி எடுங்கள்.

படகில் ஏற்றவே ஏற்றாதீர்கள். 50 கிலோவைப் பக்கவிளிம்புக்கு மேல் தூக்கினால் படகு கவிழும், அவ்வளவுதான். நீருக்குள் அது பைப்போடு சேர்த்து 30 கிலோ. 10 லிட்டர் கேன் நான்கை மூடி இறுக்கி, பலகையின் நான்கு மூலைக்கும் 40 செ.மீ. கயிற்றில் கட்டுங்கள். மொத்தத் தூக்கு 40 கிலோ. கரையில் முழங்கால் தண்ணீரில் கட்டிவிட்டு மெதுவாகத் தள்ளினால் மரம் நிமிர்ந்தபடி மிதந்து வரும், கனம் அடியில் இருப்பதால் சாயாது. மெல்லிய கேன் வேண்டாம், கெட்டியானது எடுங்கள்.

நடு பைப்பின் உச்சிக்குக் கீழே 10 மி.மீ. பாலியெஸ்டர் கயிற்றால் ஒரு வளையம். அதனுள்ளே இறக்கும் கயிற்றை நுழைத்து இரண்டு முனையும் படகில் வைத்துக்கொள்ளுங்கள். நீளம் ஆழத்தைப்போல இரு மடங்கும் மூன்று மீட்டரும், 4.5 மீட்டருக்கு 12 மீட்டர். கயிற்றில் எங்கும் முடிச்சு இருக்கக் கூடாது. இடத்துக்கு இழுத்து வந்ததும் கயிற்றைப் படகின் குறுக்குப்பலகையில் ஒரு சுற்று சுற்றிப் பிடித்து, எதிரெதிர் மூலைக் கேன்களாக அவிழுங்கள். அடுத்தடுத்த மூலையை அவிழ்த்தால் பலகை சாய்ந்து மரம் படகுக்கடியில் நுழையும். பிறகு சுற்றைத் தளர்த்தி மெல்ல இறக்கி, அடி தொட்டதும் ஒரு முனையை விட்டு மறுமுனையை இழுத்தால் கயிறு முழுக்க கைக்கு வந்துவிடும்.

இருவர் படகில், ஒருவர் கரையில். எல்லோருக்கும் மிதவைச் சட்டை, கைக்கெட்டும் இடத்தில் கத்தி. சுருண்டு கிடக்கும் கயிற்றுக்குள் கால் வைக்காதீர்கள்.

வண்டல்மண்

இறக்கும் கயிறு வெளியே வருவதற்கு முன் ஒரு தடவை இரு முனையையும் சேர்த்து லேசாக இழுத்துப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கும் மரம் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் திரும்பும், படுத்துக்கிடப்பது இழுத்த பக்கமெல்லாம் தரதரவென்று வரும். படுத்திருந்தால் அப்போதே தூக்கி மறுபடி இறக்கலாம், கயிறு வந்த பிறகு அது நடக்காது.

ஆறு மரத்தையும் ஒரே குவியலாக வைக்க வேண்டாம், மூன்று மூன்றாக, மரத்துக்கு மரம் 3 மீட்டர் விட்டு, சரிவு முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்பில் வையுங்கள். ஒவ்வொன்றின் ஜிபிஎஸ் இடத்தையும், அன்றைய நீர்மட்டத்தையும், தலைக்கு மேல் எவ்வளவு தண்ணீர் என்பதையும் எழுதி அனுமதி கொடுத்தவரிடம் ஒரு நகல் கொடுங்கள். நீர்மட்டம் ஒன்றரை மீட்டர் இறங்கியதும் அந்த இரண்டு கூட்டத்துக்கு மேலும் மிதவை கட்டிக் குறித்துவிடுங்கள். முதல் சோதனை ஒரு மாதத்தில்: முடிச்சிட்ட கயிற்றில் ஈயக்குண்டு கட்டித் தலை ஆழத்தை அளந்தால், எவ்வளவு புதைந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். 10 செ.மீ.க்குள் என்றால் விடுங்கள். அதற்கு மேல் என்றால் மிச்சமுள்ள பலகைகளை 75 செ.மீ.யில் ஊற்றுங்கள், கம்பியும் அதற்கேற்ப நீளம். அப்போது ஒரு பலகை 75 கிலோவைத் தாண்டும், நீருக்குள் 44 கிலோ. கேன் நான்கு போதாது, ஆறாக்கிக்கொள்ளுங்கள்.